வழு களைதலும் மாணவர் உழைப்பும்

ஆக்குவோருக்கு நமது சமுதாயம் அளிக்கும் மதிப்பைத் திருத்துவோருக்கு அளிப்பதில்லை. ஒரு கட்டடத்தைத் திறந்து வைத்தவரின் பெயர் கல்லிலே பொறிக்கப்படுகிறது. மாரிதோறும் அதன் கூரை ஒழுக்கை அடைக்கும் தொழிலாளியின் பெயரை எவரும் கேட்பதில்லை. பாடசாலையிலும் நிலைமை வேறன்று. புதிதாக ஒரு கட்டுரை எழுதும்படி மாணவனுக்குக் கட்டளையிடுகிறோம். பிறர் எழுதியதை ஊன்றிப் படித்து, அதிலுள்ள குறையைக் கண்டு, காரணங் காட்டித் திருத்தும்படி கேட்பது மிக அரிது. திருத்தம் என்பது ஆசிரியரின் சிவப்பு மையோடு முடிந்துவிடும் காரியம் என்றே மாணவன் எண்ணி வளர்கிறான்.

இம்மனப்பான்மையின் விளைவை அறிய நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. அம்பாறைக் கரையிலுள்ள ஒலுவில் துறைமுகமே அதற்குச் சான்று. டென்மார்க்கின் கடனுதவியோடு 2008-இல் வேலை தொடங்கப்பெற்று, 2013-இல் அத்துறைமுகம் கோலாகலமாகத் திறந்து வைக்கப்பட்டது. கிழக்குக் கரையின் கடலோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்த்திச் செல்வது. அலைதடுப்புச் சுவர்கள் அதை மறித்தன. தெற்கே மணல் திரண்டது. துறைமுக வாயிலையும் அது அடைத்தது. வடக்கே ஒலுவிலும் நிந்தவூரும் தமது கரை நிலத்தைக் கடலுக்குப் பறிகொடுத்தன. எதிர்பார்க்கப்பட்ட வணிகக் கப்பல்கள் வந்து சேரவில்லை. மீனவரின் படகுகள்கூட வாயிலைக் கடக்க இயலாது நின்ற காலங்கள் உண்டு. தவறு அமைப்பிலே இருந்ததா, பேணலிலே இருந்ததா என்று வல்லுநர் வாதிடட்டும். திறப்பு விழாவோடு வேலை முடிந்துவிடுகிறது என்ற எண்ணம் எத்துணை விலையுள்ளது என்பதை அக்கரையின் மீனவனும் தென்னந்தோட்டக்காரனும் நன்கறிவர்.

அத்துறைமுகத்துக்கு அண்மையில்தான் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. 1995-இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, மறு ஆண்டே முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்த அந்நிறுவனத்திலும், சம்மாந்துறையிலுள்ள அதன் பிரயோக விஞ்ஞான பீடத்திலும், கணினி நிரல் எழுதப் பயிலும் மாணவர்கள் இருக்கின்றனர். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, அக்கரைப்பற்று முதலிய ஊர்களின் பாடசாலைகளிலும் உயர்தர வகுப்பில் பைதன் மொழியைப் பயிலும் பிள்ளைகள் உள்ளனர். இவர்களையும் இவர்கள் போன்ற பிறரையும் நோக்கி இன்று உலகெங்கும் ஒரு கேள்வி எழுப்பப்படுகிறது: பொதுச் சொத்தாக விளங்கும் திறந்த மூல மென்பொருள்களில் மலிந்து கிடக்கும் வழுக்களைக் களையும் வேலைக்கு மாணவரை எவ்வாறு ஈர்ப்பது? இது கணினி வல்லுநரின் கேள்வி போலத் தோன்றினும், அடிப்படையில் உழைப்பையும் கல்வியையும் பற்றிய கேள்வியே. ஆகவே இலக்கியம் கற்பிப்போரும் இதில் கருத்துரைக்கக் கடமைப்பட்டவர்கள்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மென்பொருள் என்பது மனிதர் எழுதிய ஒரு பிரதி. அப்பிரதியை, அதாவது மூலநிரலை, எவரும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் உரிமை அளிப்பதே திறந்த மூல மென்பொருள். அதில் நேரும் பிழைக்கு நம்மவர் ‘வழு’ என்று பெயரிட்டனர். இது அருமையான தேர்வு. தொல்காப்பியர் காலந்தொட்டு நம் இலக்கணம் வழுவை ஆராய்ந்து வந்திருக்கிறது. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என எழுவகை வழுக்களை நன்னூல் வகுத்துரைக்கும். வழுவாயினும் காரணம் பற்றி ஏற்கப்படுவதை வழுவமைதி என்றும் நம் இலக்கணகாரர் கூறினர். தாம் செய்த பிழையைச் சுட்டிக்காட்டும்போது, அது பிழையன்று, வேண்டுமென்றே வைத்த வசதி என்று கூறித் தப்பிக்கொள்ளும் நிரலாளரை அவர்கள் கண்டிருந்தால், வழுவமைதி அத்துணை எளிதில் கிட்டாது என்று அறிவுறுத்தியிருப்பர்.

தமிழிலக்கிய வரலாற்றின் ஒரு பெரும் பகுதி வழு களைந்த வரலாறே ஆகும். ஏடெழுதுவோன் கைப்பிழையும், செல்லரித்த இடங்களும், இடைச்செருகலும் நிறைந்த சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்தவர்களால்தான் பழைய நூல்கள் நம் கைக்கு எட்டின. ஆறுமுக நாவலரின் பதிப்புகள் பிழையின்மைக்கே பெயர் பெற்றன. சி. வை. தாமோதரம்பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பும் உ. வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பும் 1887-இல் வெளிவந்தன. இவ்விருவரையும் நாம் நினைவு கூர்வது அவர்கள் புதிதாக ஆக்கிய நூல்களுக்காக அன்று. பிறர் நூல்களைத் திருத்தமாக வாசித்தமைக்காகவே. வழு களைபவன் முதலில் நல்ல வாசகனாக வேண்டும் என்ற உண்மை இங்கே புலனாகிறது. இவ்வுண்மையை மாணவரை அழைப்போர் பலர் மறந்துவிடுகின்றனர்.

திறந்த மூல இயக்கத்தின் பிறப்பே ஒரு வழுவோடு தொடர்புடையது. 1980-ஐ அண்டிய காலத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்துக்கு செராக்ஸ் நிறுவனம் ஓர் அச்சுப்பொறியைக் கொடுத்தது. அதில் அடிக்கடி கடதாசி சிக்கிக்கொள்ளும். அங்கு பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன், சிக்கல் நேர்ந்தவுடன் பயனாளருக்கு அறிவிக்கும்படி நிரலை மாற்ற விரும்பினார். பழைய பொறிக்கு அவ்வாறு செய்தும் இருந்தார். புதிய பொறியின் மூலநிரலோ மறுக்கப்பட்டது. கையிலுள்ள கருவியைப் பழுது பார்க்கும் உரிமைகூட உழைப்பவனுக்கு இல்லையா என்ற அந்தச் சினமே 1983-இல் அவர் அறிவித்த க்னூ திட்டத்துக்கு வித்துக்களுள் ஒன்றாயிற்று. ஆகவே இவ்வியக்கத்தில் திருத்தும் உரிமை என்பது பின்னர் ஒட்டவைத்த அலங்காரம் அன்று. அதுவே அதன் வேர்.

ஆனால் உரிமை வேறு, அவ்வுரிமையைச் செயலாக்கும் வாய்ப்பு வேறு. 1997-இல் எரிக் ரேமண்ட் வாசித்தளித்த ‘பேராலயமும் சந்தையும்’ என்ற கட்டுரை இந்த வேறுபாட்டை மூடி மறைத்தது என்பது எமது விமர்சனம். பார்க்கும் கண்கள் போதிய அளவு பெருகுமானால் எந்த வழுவும் எளிதில் அகப்பட்டுவிடும் என்பதும், நிரலாளன் தன் சொந்தத் தேவையினால் உந்தப்பட்டே நல்ல மென்பொருளை ஆக்குகிறான் என்பதும் அதன் கருத்துக்கள். இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் அக்கண்கள் யாருடையவை? தன் வீட்டில் கணினியும் தடையற்ற இணைப்பும், மாலைப்பொழுதில் ஓய்வும் உடையவனின் கண்கள் அவை. விடுமுறையில் தந்தையோடு கரைவலை இழுக்கச் செல்லும் ஒலுவில் மாணவனும், குடும்பத் தறியில் நூல் கோக்கும் மருதமுனை மாணவியும் அந்தச் சந்தைக்கு வந்து சேரும் வழி எது என்ற கேள்வியை ரேமண்ட் கேட்கவில்லை. சந்தை திறந்திருக்கிறது என்று சொன்னால் போதுமா? சந்தைக்கு வருவதற்கும் கூலிநாள் ஒன்றை இழக்க வேண்டியிருப்போர் உண்டல்லவா?

கண்கள் தாமாகப் பெருகிவிடுவதில்லை என்பதை 2014 ஏப்பிரல் மாதம் உலகுக்கு உணர்த்தியது. இணையத் தொடர்பை இரகசியமாகக் காக்கும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்ற திறந்த மூல நிரலில் ‘ஹார்ட்பிளீட்’ எனப் பெயரிடப்பட்ட வழு அப்போது வெளிப்பட்டது. கேட்கப்பட்ட அளவு தன்னிடம் உள்ளதா என்று சரிபார்க்கும் ஒரு சோதனை விடுபட்டிருந்தது, அவ்வளவே. 2012 மார்ச்சில் வெளியான பதிப்பிலிருந்து ஈராண்டுக் காலம் அது எவர் கண்ணிலும் படாமல் இருந்தது. அவ்வரிகளை எழுதியவர் அப்போது ஜெர்மனியில் ஆராய்ச்சி மாணவர். அவரது பங்களிப்பைப் படித்துப் பார்த்து ஏற்றுக்கொண்டவருக்கும் குறை தென்படவில்லை. கோடிக்கணக்கான மக்களின் கடவுச்சொற்களைத் தாங்கி நின்ற அத்திட்டத்துக்கு ஆண்டொன்றுக்குக் கிடைத்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டொலர்! விபத்து நேர்ந்த பின்னரே பெருநிறுவனங்கள் நிதி திரட்ட முன்வந்தன. மாணவர் பங்களிப்பு வேண்டுமென்போர் இதில் கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. மாணவனின் கைகளை அழைத்தால் மட்டும் போதாது. அவன் செய்த வேலையைப் பொறுமையோடு படித்துத் திருத்தும் ஆசானுக்கும் ஊதியமும் நேரமும் ஒதுக்க வேண்டும்.

இனி, இதுவரை கையாளப்பட்ட ஈர்ப்புகளைச் சற்று ஆராய்வோம். முதலாவது, பரிசு. டிஜிட்டல் ஓஷன் என்ற நிறுவனம் 2014 முதல் ஆண்டுதோறும் ஒக்தோபர் மாதத்தில் ‘ஹாக்டோபர்பெஸ்ட்’ என்ற விழாவை நடத்தி வருகிறது. தொடக்க ஆண்டுகளில், குறித்த எண்ணிக்கையில் திருத்தங்களை அனுப்பியவர்களுக்கு ஒரு சட்டை பரிசாக வழங்கப்பட்டது. நோக்கம் நன்றே; ஆனால் 2020-இல் நிகழ்ந்தது என்ன? சட்டைக்காக வந்தவர்கள், திட்டங்களின் அறிமுகக் குறிப்புகளில் பொருளற்ற சொற்களைச் சேர்த்து அவற்றைத் திருத்தங்கள் என்று அனுப்பினர். அவற்றை நீக்குவதிலேயே பராமரிப்பாளர்களின் நாட்கள் கழிந்தன. விருப்பம் தெரிவித்த திட்டங்களை மட்டுமே கணக்கில் கொள்வதென்று நடுவழியில் விதியை மாற்ற நேர்ந்தது. இளைஞரைப் பழித்துப் பயனில்லை. எண்ணிக்கையைக் கேட்டார்கள், எண்ணிக்கை கிடைத்தது. புள்ளிக்காக மனனம் செய்யும் பரீட்சை முறையை வளர்த்துவிட்டு, மாணவனுக்குச் சிந்தனை இல்லையே என்று வருந்தும் நமக்கு இது புதுமையன்று.

இரண்டாவது, ஊதியம். கூகிள் நிறுவனம் 2005-இல் தொடங்கிய ‘கோடைக்கால நிரலாக்கம்’ என்ற திட்டம், திறந்த மூல அமைப்பொன்றில் ஒரு வழிகாட்டியின் கீழ் பணியாற்றும் மாணவனுக்குப் பணம் தருகிறது. முதலாண்டில் அத்தொகை 4,500 டொலர். 2022 முதல் மாணவரல்லாத புதியவர்களுக்கும் அது திறந்துவிடப்பட்டுள்ளது. ஏழை வீட்டு மாணவனும் கூலிவேலையைக் கைவிட்டுக் கற்கத் துணியலாம் என்ற அளவில் இது முற்போக்கான ஏற்பாடே. எனினும் 2017 முதல் நாட்டுக்கு நாடு தொகை வேறுபடுகிறது. வாழ்க்கைச் செலவு வேறுபடுகிறது என்பது அவர்கள் காட்டும் நியாயம். ஒரே வழுவை ஒரே திறமையோடு நீக்கிய இருவருள், கொழும்பிலிருப்பவனுக்குக் குறைந்த கூலியும் ஸூரிச்சிலிருப்பவனுக்கு நிறைந்த கூலியும் தருவதற்குத் தோட்டத்துரைமார் காலத்திலும் இவ்வாறே நியாயம் கற்பிக்கப்பட்டது.

இத்திட்டத்தில் நமது நாடு பெற்ற வெற்றி பெருமைக்குரியது. மொறட்டுவைப் பல்கலைக்கழகம் பல ஆண்டுகள் உலகிலேயே மிகுதியான மாணவரை இதற்கு அனுப்பிய பல்கலைக்கழகமாகத் திகழ்ந்தது. பணம் மாத்திரமே காரணமெனின், இதே பணம் எல்லா நாட்டு மாணவர்க்கும் காத்திருந்ததே! உண்மைக் காரணம் வேறு. 2003-இல் சஞ்சீவ வீரவரண முதலியோரின் முயற்சியால் லங்கா மென்பொருள் நிறுவகம் தோன்றியது. அப்பாச்சி அக்சிஸ்2 போன்ற உலகத் திட்டங்களில் இலங்கையர் முதன்மைப் பங்காளர் ஆயினர். மூத்த மாணவன் வழு ஒன்றை நீக்கியதை இளைய மாணவன் அருகிருந்து கண்டான். ஐயம் எழுந்தால் கேட்பதற்கு அதே விடுதியில் ஆள் இருந்தது. அடுத்த ஆண்டு அவனே மற்றவர்க்கு வழிகாட்டி ஆனான். தொழிலாளர் தம் கைத்தொழிலைத் தலைமுறைக்குத் தலைமுறை கையளிப்பது போன்ற ஒரு மரபு அங்கு உருவாயிற்று. ஈர்ப்பு என்று எதையேனும் சொல்ல வேண்டுமானால், அது இந்த மரபுதான்.

அம்மரபு தலைநகரின் அருகே மட்டும் வளர்ந்தால் போதாது. அதைக் கிழக்குக் கரைக்குக் கொண்டுவர நம்மிடம் மூலதனம் உண்டா? உண்டு என்பேன். அது நமது மொழி. ‘ஒலுவில்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேளுங்கள். நான்கு என்று சொல்லும். பைதன் நிரலைக் கேளுங்கள். ஏழு என்று சொல்லும்! யூனிகோடு முறையில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதே காரணம். இதை அறியாத அயல்நாட்டு நிரலாளன் எழுதிய மென்பொருள், தமிழ்ச் சொல்லை நடுவே வெட்டி, புள்ளியை ஓரிடத்திலும் மெய்யை வேறிடத்திலும் நிறுத்துகிறது. இன்னொன்று: 2005-இல் யூனிகோட்டில் ‘ஶ’ என்ற எழுத்துச் சேர்க்கப்பட்ட பின், ‘ஸ்ரீ’ என்பதை இருவிதமாக உள்ளிடலாம். பல எழுத்துருக்களில் திரையில் இரண்டும் ஒரே வடிவமாகத் தோன்றும்; கணினிக்கோ இரண்டும் வெவ்வேறு. ஆகவே நமது நாட்டின் பெயரையே ஓர் ஆவணத்தில் தேடினால் அகப்படாது போகலாம். ‘ஔவை’ என்று அடிப்பதற்குப் பதிலாக ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்து அடித்து வைத்தாலும் இதே கதிதான். இத்தகைய வழுக்களைக் காண்பதற்கு உலகிலேயே தகுதி வாய்ந்த கண்கள் தமிழ் மாணவரின் கண்கள். தன் மொழி சிதைவதைக் கண்டு மனம் நொந்தவன், சட்டைக்காக வந்தவனைவிட நெடுநாள் நிலைப்பான். இவ்விடத்தில் ரேமண்டின் இரண்டாவது கருத்தை நாம் ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் தனிமனிதத் தேவை என்பதை ஒரு சமூகத்தின் தேவை என்று விரித்துக்கொள்கிறோம்.

இதற்கு மிகப் பெரிய சான்றும் இக்கரையோடு தொடர்புடையதே. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை இலங்கையில் கொண்டுசென்ற உயிர்களுள் மிகப் பெருந்தொகை அம்பாறை மாவட்டத்தினுடையது. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் இம்மாவட்டத்தில் மாண்டனர். அடுத்த சில நாட்களிலேயே இலங்கைத் தொண்டர்கள் ஒன்றுகூடி, காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவிப் பொருட்களையும் பதிவு செய்யும் மென்பொருளொன்றை ஆக்கினர். ‘சஹன’ என்று அதற்குப் பெயர். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். திறந்த மூலமாக விடப்பட்டமையால் 2005-இல் பாகிஸ்தான் பூகம்பத்தின்போதும், 2006-இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூகநலத் திட்டத்துக்கான 2006-ஆம் ஆண்டு விருதை அதற்கு வழங்கியது. இத்தகைய நிரலொன்றில் வழு நேர்ந்தால் அதன் பொருள் என்னவென்று எண்ணிப் பாருங்கள். ‘முஹம்மது’ என்ற ஒரு பெயரை நம் ஊர்களில் ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள்! எழுத்து ஒன்று வேறுபட்டதும், இல்லை என்று கையை விரிக்கும் தேடல், பிள்ளையைத் தேடி முகாம் முகாமாய் அலையும் தாயிடம் பொய் சொல்கிறது. இந்த வழுவைக் கல்முனைப் பிள்ளைக்கு எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கு நியாயமான ஒரு மறுப்பு எழலாம். திறந்த மூல மென்பொருளால் கோடிகோடியாய் இலாபம் ஈட்டுவன பெருநிறுவனங்கள். அவற்றின் பழுதை நம் மாணவர் இலவசமாகப் பார்ப்பது சுரண்டலுக்குத் துணைபோவதாகாதா என்று தோழர்கள் கேட்பர். கேள்வியில் பாதி உண்மை. பொதுக்கிணற்றில் இறைப்பவருள் பெருநிலக்காரனும் உண்டு என்பதற்காகக் கிணற்றைத் தூர்த்துவிட முடியாது; அவன் தன் பங்குக்குத் தூர் வாரும் செலவைத் தர வேண்டுமென்று கேட்கவே வேண்டும். மாணவனின் உழைப்பைப் பெறும் திட்டங்கள் ஊதியமோ, பல்கலைக்கழகத் திறமைச் சித்தியோ, பெயர் குறித்த நன்றியோ அளிக்கக் கடமைப்பட்டவை. கணினி விஞ்ஞானி டொனால்ட் கனூத் தமது நூல்களில் பிழை கண்டு சொல்வோருக்கு ஒவ்வொரு பிழைக்கும் 2.56 டொலர் என்று அறிவித்தார். அவரது காசோலையைப் பெற்றோர் பலர் அதனை மாற்றாமல் சட்டமிட்டு வைத்துக்கொண்டனர். தொகை சிறிதாயினும், திருத்தியவனுக்கு ஆக்கியோன் கடன்பட்டவன் என்ற ஒப்புதல் அதில் இருந்தது.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவானவை. வழு களைதலைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாக்கிப் புள்ளி வழங்க வேண்டும். கனடாவின் டொரன்டோவிலுள்ள செனெக்கா கல்லூரியில் மொசில்லாத் திட்டத்தின் வழுக்களை வகுப்பிலேயே எடுத்துக்கொண்டு கற்பித்திருக்கின்றனர். அது இங்கும் இயலும். முதல் வேலையாகப் பிறர் எழுதிய நிரலை வாசித்து உரை எழுதச் செய்ய வேண்டும். அடுத்து, வழு எந்தச் சூழலில் தோன்றுகிறதென்று திரும்பத் திரும்பச் செய்துகாட்டித் தெளிவாக அறிக்கை எழுதப் பழக்க வேண்டும். நல்ல அறிக்கையே பாதித் திருத்தம். தெளிவாக எழுதத் தெரிந்தவனால்தான் அது முடியும் என்பதால் இங்கே மொழியாசிரியருக்கும் வேலை உண்டு. அதன் பின்னரே திருத்தம். மூத்தவர் இருவர் மூவர், தமக்கு உரிய நேர ஒதுக்கீட்டோடு, கேள்விக்கு விடை தர அருகில் இருக்க வேண்டும். தொடக்க வேலையாகத் தமிழ் எழுத்தைக் கையாளும் சிறு வழுக்களைத் தெரிவு செய்யலாம்.

மாணவர் ஏன் வரவில்லை என்று கேட்பதை நிறுத்தி, அவர்கள் வருவதற்கு நாம் எவ்விடத்தை, எந்நேரத்தை, எந்த மதிப்பை ஒதுக்கினோம் என்று கேட்கத் தொடங்குவோம். நாளைய பாடவேளையில், புதிய கட்டுரை ஒன்றை எழுதச் சொல்வதற்குப் பதிலாக, வகுப்பில் ஒருவர் எழுதிய கட்டுரையை மற்றொருவரிடம் கொடுத்து, குறை எது, அது ஏன் குறை, எவ்வாறு திருத்துவாய் என்று கேட்டுப் பார்க்கலாம். அதற்குக் கணினிகூடத் தேவையில்லை.